வெள்ளிக்கிழமைச் சாவுக்குச் சனிக்கிழமை விமானம்

என் அம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு மோத்தே ஒருவன்தான் காரணம். பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீன் விற்கிற இடத்தில் சொன்னேன், கோவில் வாசலில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் சொன்னேன். என் பெண்டாட்டி ரோத்தியா அந்த மோத்தேவின் கூடப்பிறந்த தங்கை. அவள் காதில் எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கே இல்லை. இப்போது அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதில் நல்லது ஏதாவது கிடந்தால் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான தராவாவின் போன்ரிக்கி விமான நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் மோத்தே. நான் அங்கே மூட்டை ஏற்றுகிறவன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு எடை மேடை. மூட்டையும் அதில்தான் ஏறும், ஆளும் அதில்தான் ஏறுவார். முள் எங்கே நிற்கிறதென்று மோத்தே உரக்கப் படிப்பான். தடித்த பெண்களின் எடையை இன்னும் உரக்கப் படிப்பான். மெதுவாகப் படித்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒருமுறை கேட்டேன். "விமானத்துக்கு வெட்கம் கிடையாது மாப்ளே. அதுக்கு எடைதான் தெரியும்" என்றான்.

ஜன்னலுக்கு மேலே பச்சைச் சாயம் பூசிய ஒரு பலகை மாட்டியிருந்தான். யாரும் மாட்டச் சொல்லவில்லை. எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், என்றைக்குக் கிளம்பினால் என்றைக்குப் போய் இறங்கலாம், எல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கும். வெள்ளைக்கார துரை ஒருவன் விட்டுவிட்டுப் போன உலக உருண்டை ஒன்று அவனிடம் இருந்தது. சுவரில் மாட்டுகிற உலகப் படத்தில் நம் நாடு இரண்டு துண்டாக வலது ஓரத்தில் பாதி, இடது ஓரத்தில் பாதி தொங்கும். அதில் அளக்க முடியாது. ஆகையால் உருண்டைமேல் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்து, பல்லால் கடித்து அடையாளம் வைத்து, அளவுகோலில் வைத்துப் பார்ப்பான். அவன் அளந்த அளவுக்கும் விமானிகள் சொல்கிற அளவுக்கும் ஐம்பது கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உருண்டையை வைத்துக்கொண்டு அவன் பண்ணிய அலட்டல் உலகத்தையே அவன்தான் உருட்டுகிறான் என்பதுபோல இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். மோத்தே சாகிறவரைக்கும் விமானத்தில் ஏறினதே இல்லை. கேட்டால், "பாதிரியார் என்ன, மோட்சத்துக்குப் போய்ட்டு வந்தா பிரசங்கம் பண்றாரு?" என்பான்.

அந்தப் பலகையில் ஐந்தாவது வரிதான் என் குடும்பத்தைக் கெடுத்த வரி. 'கிறிஸ்மஸ் தீவு, 3280 கிலோமீட்டர், நாலேகால் மணி. சனி காலை 6 கிளம்பி, வெள்ளி மதியம் 12.15 சேரும்.'

கிறுக்கல் இல்லை, அப்போது அது அப்படித்தான். தராவாவும் கிறிஸ்மஸ் தீவும் ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே பாட்டு. நடுக்கடலில் மட்டும் ஒரு கோடு. அதைத் தாண்டினால் நேற்று. இங்கே சனிக்கிழமை விடியும்போது அவர்கள் இன்னும் வெள்ளிக்கிழமைக் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தீவிலிருந்து வந்தவர்களைக் கேட்டால்கூட எது முன்னால், எது பின்னால் என்று குழம்பித்தான் சொல்வார்கள். ஆகையால் எல்லாரும் போய் நிற்பது மோத்தேவின் ஜன்னலில்.

1993இல் என் அம்மா அங்கே இருந்தாள். கொப்பரை வேலைக்கு அரசாங்கம் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி அனுப்பியபோது என் தம்பி போனான், அவனோடு அம்மாவும் போனாள். ஒரு வியாழக்கிழமை மதியம் ரேடியோ ஆபீஸிலிருந்து சீட்டு வந்தது. அம்மா போய்விட்டாள், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அடக்கம், விமானத்தில் வா.

சீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

"மச்சான், அம்மா போயிட்டாங்க. இதப் படிச்சுப் பாருங்க. நான் போய்ச் சேர முடியுமா?"

மோத்தே சீட்டை வாங்கினான். ஒருமுறை படித்தான். தாழை இலையில் சுற்றிய பீடியை வாயிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"அடக்கம் எப்போ?"

"வெள்ளிக்கிழமை நாலு மணி."

"விமானம் எப்போ?"

"சனிக்கிழமை."

"அப்புறம் என்ன கேள்வி? வெள்ளிக்கிழமைச் சாவுக்குச் சனிக்கிழமை விமானத்துல போவாங்களா? மண்ணு காஞ்சிருக்கும் மாப்ளே. அடுத்த விமானம் ரெண்டு வாரம் கழிச்சு. அங்க போய்ச் சிக்கிக்கிட்டு என்ன பண்ணப் போற? வீட்டுக்குப் போ. இங்கயே பாய் விரிச்சு உட்காரு. ஜனங்க வருவாங்க."

"சரியாப் பார்த்துச் சொல்லுங்க மச்சான்."

"நான் என்ன மீனா விக்கிறேன், திருப்பித் திருப்பி எடை போட? போ."

அவன் தலைக்கு நேர் மேலே அந்தப் பலகை இருந்தது. அவன் எழுதியது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. துக்கத்தில் இருப்பவன் எங்கே பலகை பார்ப்பான்? அவனுக்கு என்ன துக்கம்?

சனிக்கிழமை காலை அந்த விமானத்துக்கு மூட்டை ஏற்றியது நான். தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு ஓடுபாதையில் படுத்துக்கிடந்த நாய்களையும் பன்றிகளையும் விரட்டியது. நான் அரிசி மூட்டை, பாய்க்கட்டு, தபால் பை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். உள்ளே இரண்டு இருக்கை காலி என்று விமானப் பணிப்பெண் சொன்னதுகூட என் காதில் விழுந்தது. கதவைச் சாத்தினார்கள். போய்விட்டது.

மறுநாள் ரேடியோவில் தம்பி பேசினான். அவன் குரல் தகரத்தைச் சுரண்டுவதுபோல வந்தது.

"ஏண்ணே வரல? விமானம் பன்னெண்டேகாலுக்கு வந்துடுச்சு. எல்லாரும் போய் வேலி ஓரம் நின்னோம். ஒவ்வொருத்தரா எறங்கினாங்க. கடைசி ஆளும் எறங்கினப்புறம்கூட நான் கதவையே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் வீட்டுக்கு வந்து பெட்டியை மூடினோம்."

"என்னைக்குடா?"

"நேத்துதான். வெள்ளிக்கிழமை."

நான் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு நேராக மோத்தேவின் வீட்டுக்குப் போனேன். அவன் முற்றத்துப் பரண்மேல் உட்கார்ந்து தென்னங்கள் குடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பரணிலிருந்து கீழே இழுத்தேன். அடித்தேன். பின்னாலேயே ஓடி வந்த ரோத்தியா என் முதுகில் தொங்கிக்கொண்டு கத்தினாள். அடித்ததற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. நாலு பேர் வந்து பிடித்ததால் பாதியில் நின்றதே என்றுதான் வருத்தம்.

எங்கள் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். உறவுக்காரனுக்குக் கெடுதல் செய்தவன் ஊர்மண்டபத்துக்கு ஒரு பாயும் ஒரு கட்டிப் புகையிலையும் எடுத்து வந்து நடுவில் வைக்க வேண்டும். வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். வாய் திறக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் பேசுவார்கள். புகையிலையை வெட்டிப் பங்கு போட்டால் விஷயம் முடிந்தது. கொலைக்கே இது போதும் என்று இருந்த காலமும் உண்டு.

மோத்தே வந்தான். பாய் இல்லை, புகையிலை இல்லை. உலக உருண்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். வீங்கிய ஒரு கண்ணோடு நடுவில் நின்று பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தான்.

"மாப்ளே என்கிட்டக் கேட்டது விமானம் என்னைக்குன்னு. நான் சொன்னது சரி. அடக்கம் என்னைக்குன்னு சீட்டுல எழுதினது அவர் தம்பி. எந்த ஊரு வெள்ளிக்கிழமைன்னு அவன்ல எழுதியிருக்கணும்? வேணும்னா நரம்பைப் புடிச்சுப் பாருங்க, மூவாயிரத்து இருநூத்தி எண்பது. ஒரு விரக்கடை தப்புன்னா நான் புகையிலை வைக்கிறேன்."

தூரத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? மண்டபத்தில் மூத்தவர் தூங்கியே போய்விட்டார். விழித்ததும், "சரி, ரெண்டு பேரும் கைகொடுத்துக்குங்க. மீன் ஆறுது" என்றார். நான் கைகொடுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவன் வாயால் 'நான் தப்புச் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்காமல் அவனோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அரசாங்கமே அந்தக் கோட்டை எடுத்துக் கிழக்கே தள்ளி வைத்தது. நாடு முழுவதற்கும் ஒரே கிழமை என்று ஆனது. கிறிஸ்மஸ் தீவுக்காரர்களுக்கு மட்டும் நாள்காட்டியில் ஒரு நாள் காணாமல் போனது. ஊரெல்லாம் கூத்தும் பாட்டும். மோத்தே என் வீட்டு வேலிவரை வந்து நின்று ரோத்தியாவைக் கூப்பிட்டான். நான் வலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னான்.

"தங்கச்சி, உன் புருஷன்கிட்டச் சொல்லு. இப்போ வெள்ளின்னா ரெண்டு பக்கமும் வெள்ளி, சனின்னா ரெண்டு பக்கமும் சனி. என் கணக்கு சரி. அரசாங்கம்தான் ஒன்றரை வருஷம் லேட்டு."

நான் வலை ஊசியை எறிந்தேன். படவில்லை.

அதன்பிறகு பதினைந்து வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். நேருக்கு நேர் பேச்சு கிடையாது. இடையில் நிற்கிற பயணிதான் தூது. "மூட்டை ரெண்டு கிலோ கூடுதல்னு அந்தாளுகிட்டச் சொல்லுங்க" என்பான். "கூடுதலாத் தெரியுதுன்னா கண்ணாடி மாட்டிக்கச் சொல்லுங்க" என்பேன். வெளிநாட்டுக்காரர்கள் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார்கள். விமானம் வராத நாட்களில் அவன் பலகையைத் துடைப்பான், நான் அவன் துடைக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து துப்புவேன்.

அவனுக்குப் பெண்டாட்டி சீக்கிரமே போய்விட்டாள். ஒரே மகள் எரிமேத்தா. நல்ல பெண். அப்பன் சாயல் துளிகூடக் கிடையாது. அவள் ஆசிரியை ஆனாள், கல்யாணம் பண்ணிக்கொண்டாள், புருஷனோடு போய்ச் சேர்ந்த இடம் கிறிஸ்மஸ் தீவு. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவில்லை.

அப்புறம் நேர் விமானமும் நின்றது. சொந்த நாட்டின் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போக, தெற்கே ஃபிஜியின் நாடிக்குப் பறந்து, அந்த நாட்டுக்காரனிடம் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, ஏதாவது ஒரு விடுதியில் காத்துக் கிடந்து, மறுபடி வடக்கே பறக்க வேண்டும். மோத்தே ஐந்தாவது வரியை அழித்து எழுதினான். 'நேராக 3280. சுற்றி 5700. பறக்க எட்டு மணி நேரம். காத்திருக்க, தெய்வத்துக்கே வெளிச்சம்.' அதிகாரி வந்து கடைசி வார்த்தையை அழிக்கச் சொன்னார். அவன் அழிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் அவன் பக்கம்.

ஓய்வு பெற்ற கையோடு சர்க்கரை அவனைப் பிடித்தது. முதலில் கட்டைவிரல், அப்புறம் பாதி பாதம். போன வருஷம் ஒருமுறை மூச்சு இழுத்துக்கொண்டபோது ரோத்தியா பயந்துபோய் எரிமேத்தாவுக்குப் போன் பண்ணிவிட்டாள். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு, கைக்குழந்தையை விட்டு, அழுதுகொண்டே கிளம்பினாள். நாடியில் விமானம் தவறி நாலு நாள் கிடந்தாள். ஆறாம் நாள் இங்கே வந்து இறங்கினால், அப்பன் பரண்மேல் உட்கார்ந்து சுட்ட சூரை மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறான்.

"யாரு செத்தாங்கன்னு நீ வந்தே?" என்றான் மகளைப் பார்த்து. "ஐயாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சுத்தி வந்து என் மீன்ல பங்கு கேக்கவா?"

எரிமேத்தா பையைக் கீழேகூட வைக்கவில்லை. "அத்தை, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இனிமே முடியல, மூச்சு இழுக்குதுன்னு எனக்குப் போன் பண்ணாதீங்க. இந்த மனுஷன் செத்தா மட்டும் சொல்லுங்க. சாவுக்கு வர்றேன், அது என் கடமை. வியாதிக்கு வரமாட்டேன்." சொன்னவள் அடுத்த விமானத்தில் திரும்பிவிட்டாள். அவன் வழியனுப்பக்கூட வரவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து மேலே போகிற சத்தத்தைக் கேட்டு, "ஏழு நிமிஷம் லேட்டு" என்றானாம்.

இந்த வருஷம் காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். விஷம் அதற்கும் மேலே ஏறிவிட்டது. ஒரு திங்கட்கிழமை டாக்டர் ரோத்தியாவை வெளியே கூப்பிட்டு, ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்றார். அவள் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். "அண்ணன் உங்களக் கூப்பிடுது. போங்க. என் தலைமேல சத்தியம், சண்டை போடாதீங்க" என்றாள்.

போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தான். கண் மட்டும் அதே திமிர்க் கண். பத்தொன்பது வருஷம் கழித்து முதல்முறையாக நேரே என்னைப் பார்த்துப் பேசினான்.

"உட்காரு மாப்ளே."

"நிக்கறேன். என்ன வேணும்?"

"எரிமேத்தாவைப் பார்க்கணும்."

"செத்தா வர்றேன்னு சொல்லியிருக்கா. செத்துப் பாரு, வருவா."

அவன் சிரித்தான். பல்லெல்லாம் கறுத்துப் போயிருந்தது. "செத்தா அவதான் என்னைப் பார்ப்பா. நான் அவளப் பார்க்க முடியாது. கணக்குப் போட்டுட்டேன். அங்கேருந்து விமானம் புதன்கிழமை. அதுல ஏறினா வியாழக்கிழமை இங்க எறங்கலாம். நாலு நாள் என்னால தாங்க முடியும். அதை விட்டா அடுத்த புதன். அதுக்கு நான் இருக்கமாட்டேன்."

"உன் கணக்கா? உன் கணக்கு எனக்குத் தெரியும்."

"தெரியும்ல? உட்காரு. உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன்."

உட்கார்ந்தேன்.

"அந்தச் சனிக்கிழமை நீ மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தே. நான் ஜன்னல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். பலகையில சுண்ணாம்பு உதிர்ந்திருக்கேன்னு அழுத்தி எழுதலாம்னு நிமிர்ந்தேன். அஞ்சாவது வரி. வெள்ளி மதியம்னு இருந்துச்சு. அப்பத்தான் உறைச்சுது. விமானத்துக் கதவு திறந்துதான் இருந்துச்சு மாப்ளே. ரெண்டு சீட் காலின்னு எனக்கும் தெரியும். ஒரு கூப்பாடு போட்டிருந்தா நீ அப்படியே ஏறியிருப்பே."

"ஏன் போடல?"

"எல்லாரும் நின்னாங்க. போலீஸ்காரர், பாதிரியார், கோயில் பொம்பளைங்க எல்லாம். மோத்தே தப்புச் சொல்லிட்டான்னு அவங்க முன்னாடி ஆயிடும். வாயத் திறந்தேன். மூடிக்கிட்டேன். கதவைச் சாத்திட்டாங்க."

நான் எழுந்தேன். அந்தக் கட்டிலில் கிடந்தது ஒரு முழு மனிதன் என்றால் கையை வைத்திருப்பேன். தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கத்தானே இத்தனை வருஷம் அலைந்தேன். கேட்டது தப்பைவிடப் பெரியதாக இருந்தது. வேண்டுமென்றே வாயை மூடியிருக்கிறான். என் அம்மா பெட்டி திறந்தபடி அங்கே விமானம் வரும்வரை காத்திருக்கிறாள். கதவுவரை போய்விட்டேன்.

"எங்க போற? நான் கேட்டதை முடிச்சுட்டுப் போ."

"உனக்கு நான் எதுக்குடா செய்யணும்?"

"செய்ய வேணாம். உனக்கு இஷ்டம். ஆனா வேற யாரால முடியும்? ரோத்தியா போன் பண்ணா அழுதுருவா, எரிமேத்தா நம்பமாட்டா. போன தடவையும் அழுதா. பாதிரியார் பொய் சொல்லமாட்டார். நீ சொன்னா நம்புவா. என்மேல உனக்கு ஒரு பொட்டு இரக்கம் கிடையாதுன்னு உலகத்துக்கே தெரியும். இப்ப மணி ஒண்ணு. அங்க மூணு. இன்னும் பள்ளிக்கூடத்துலதான் இருப்பா. போனை எடு. உங்க அப்பன் செத்துட்டான், புதன்கிழமை விமானத்துல ஏறுன்னு சொல்லு. குரலை இறக்காதே, வருத்தப்படறவன் மாதிரிப் பேசாதே, சந்தேகப்படுவா. எப்பவும் என்னைப் பத்திப் பேசற மாதிரியே பேசு மாப்ளே. செத்துத் தொலைஞ்சான்னு சொல்லு."

போனை எடுத்தேன், குரலை இறக்கவே இல்லை.